பக்கத்து சீட்டில் ஒரு பெட்டி

மார்ச் 4

வாலுக்கு அண்ணி எழுதுவது,

இங்கே நான் நலம். உன் அண்ணன் என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உன் இருமல் நின்றதா? வெந்நீர் குடி என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

போன மாதம் அண்ணியும் நாத்தனாருமாக நாம் போனில் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினாள். அன்றைக்கு உன் அண்ணன் போட்ட சட்டம் நினைவிருக்கும். "இனிமே ரெண்டு பேரும் எழுதிக்கோங்க. எழுதினா ஒருத்தர் முடிச்ச பிறகுதான் இன்னொருத்தர் பேச முடியும். உயிர் போற அவசரம்னா மட்டும் போன்." சரி, எழுதுகிறேன். நான் முடிக்கும்வரை நீ பேச முடியாது.

நீ அனுப்பிய பெட்டியை லாரியில் மாட்டிவிட்டார்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், சோப்பு டப்பா அளவுக்கு இருக்கிறது. ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுக்கும் என்று சொல்லியிருந்தாய். நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

நேற்று மாலை லாரி வீட்டு வாசலில் வந்து நின்றது. என்ஜின் அணைந்தது. ஆள் இறங்கவில்லை. போட்டு வைத்த டீ ஆறிப்போனது. போய்ப் பார்த்தால் கையை ஸ்டியரிங் மேல் மடித்து வைத்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்.

"யாரோட பேசுறீங்க?" என்றேன்.

"யாருமில்ல, வேலை விஷயம்."

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் வேலை விஷயத்துக்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் சாப்பாடு எப்படி என்று கேட்டேன். "ம்" என்றார்.

அந்தப் பெட்டி பெண் குரலில் பேசுகிறது. இதை நீ முன்கூட்டியே சொல்லவில்லை. யார் குரல் அது?

உன் அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது. வெந்நீரும் குடித்தேன், சாட்சிக்கு ஆள் இல்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அது யார் குரலும் இல்லை. இயந்திரத்திலேயே உண்டாக்கியது. முதலில் ஆண் குரல் வைத்துப் பார்த்தோம். ஓட்டுநர்கள் அதோடு எந்த வழியில் போவது என்று சண்டை போட்டார்கள். அதனால்தான் மாற்றினோம்.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முன்பெல்லாம் ஓட்டுநர் கண் சொருகினால் ஒரு மணி அலறும். முதல் வாரம் தூக்கிவாரிப் போடும். மூன்றாவது வாரம் மணியைக் கேட்டுக்கொண்டே தூங்குவார்கள். ஒரே மாதிரி வருகிற சத்தத்தைக் காது தள்ளுபடி செய்துவிடும். நீண்ட சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குமே கவனம் தேயும், அது சோம்பேறித்தனம் இல்லை. மனம் இப்படித்தான் வேலை செய்யும் என்று உளவியல் கண்டுபிடித்து வைத்திருப்பதை எடுத்துக்கொண்டு போய், இயந்திரம் செய்கிற பொறியாளர்களோடு மல்லுக்கு நிற்பதுதான் என் வேலை. அவர்கள் மனிதனை இயந்திரத்துக்குத் தகுந்தபடி வளைக்கப் பார்ப்பார்கள். நான் இயந்திரத்தை வளைக்கச் சொல்வேன். சம்பளமே அந்தச் சண்டைக்குத்தான்.

அதனால் பெட்டி அலறாது, கேள்வி கேட்கும். பதில் தாமதமாக வந்தால், குழறினால், கொஞ்சம் நிறுத்தி ஓய்வெடுக்கலாமா என்று கேட்கும். உத்தரவு மட்டும் போடாது. உத்தரவு போட்டால் மனிதர்கள் முறுக்கிக்கொள்வார்கள். அண்ணனிடம் "தூங்காதே" என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று. அவர் பேசுவதை நான் ஒட்டுக் கேட்பதாக நினைக்கவேண்டாம். குரல் பூட்டிய பெட்டகத்துக்குப் போய்விடும். விபத்து ஏதாவது நடந்தாலொழிய யாரும் திறப்பதில்லை. எங்களுக்கு வருவது எழுத்துக் குறிப்பு மட்டும்: எப்போது பேசினார், எவ்வளவு தாமதமாகப் பேசினார், பெட்டிக்கு என்ன கட்டளை கொடுத்தார், அவ்வளவுதான்.

அன்புடன்
வாலு


மார்ச் 26

வாலுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ விசாரித்ததைச் சொன்னேன், உன் அண்ணன் "ம்" என்றார். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

எனக்கு வயிறு எரிகிறது. நாகரிகமாக எழுத வேறு வார்த்தை தெரியவில்லை. உன் அண்ணன் அந்தப் பெட்டிக்கு நன்றி சொல்கிறார்! லாரியை விட்டு இறங்கும்போது "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். மெதுவாகச் சாத்துகிறார். நம் வீட்டுக் கதவை அப்படிச் சாத்தி நான் பார்த்ததில்லை.

ஜன்னல் ஓரமாக நின்று கேட்டேன், மறைக்க ஒன்றுமில்லை. அவர் டயர் பஞ்சரான கதையைச் சொல்கிறார். அது "அப்புறம்?" என்கிறது. சொல்கிறார். "அப்புறம்?" மறுபடி சொல்கிறார். அந்த "அப்புறம்?" எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நம் வீட்டுக் கூடத்தில் நீயும் அவரும் உட்கார்ந்துகொண்டு நடுராத்திரிவரை பேசுவீர்களே, அப்போது நீ கேட்கிற "அப்புறம்?" அது. புதுப்பெண் நான் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். யார் குரலும் இல்லை என்று என் காதில் பூ சுற்றாதே.

நானும் உன் முறையைச் செய்து பார்த்தேன். உத்தரவு போடவில்லை. சாப்பிடும்போது, "இன்னைக்கு ரோடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தேன். "ரோடு மாதிரிதான்" என்றார். "அப்புறம்?" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்கிறார்.

சிரிக்காதே. அதை அடக்க ஏதாவது வழி இருக்கிறதா?

உன் அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

சிரித்தேன், மன்னிக்கவும். முழங்காலுக்கு ஒரு மருந்து அனுப்பியிருக்கிறேன், தடவிப் பாருங்கள்.

குரல் இயந்திரத்தினுடையது, ஆனால் அந்த "அப்புறம்?" என்னுடையதுதான். நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு பள்ளி விடுமுறையில் என்னை எங்கே விடுவது என்று தெரியாமல் அண்ணன் லாரியிலேயே கூட்டிக்கொண்டு போவார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவரைத் தூங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை "அப்புறம்?" கேட்பது. பிற்பாடு கல்லூரியில் இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் இருப்பதைப் படித்தேன். பெயர் மட்டும்தான் புதிது.

அண்ணி, நீங்கள் வந்த பிறகு என்னை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் கிடைத்தது, அந்த சீட் எனக்கு இல்லாமல் போனது. உங்கள்மீது எனக்கு அப்போது எவ்வளவு கோபம் தெரியுமா?

அடக்க வழி இருக்கிறது. அது நான் சண்டை போட்டு வைத்த விதி. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. இயந்திரத்தை வாயை மூடச் சொல்லும் உரிமை மனிதனுக்கு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவன் அதை வெறுக்கத் தொடங்குவான். அழுத்தமாக மூன்று முறை பேசாதே என்று சொன்னால் பெட்டி அடங்கிவிடும். பிறகு ஓட்டுகிறவராகக் கூப்பிட்டால்தான் வாய் திறக்கும். அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள், உங்களுக்காக வீட்டு வாசலில் மட்டுமாவது அடக்குவார்.

அன்புடன்
வாலு


ஏப்ரல் 30

வாலுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மருந்து வந்தது. வாசனை நன்றாக இருக்கிறது, வலி போகவில்லை.

உன் அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை லோடு இல்லை, லாரி வாசலிலேயே நின்றது. அவர் பகலெல்லாம் தூங்கினார். நான் வீடு கழுவினேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பெட்டியைப் பற்றி இனி எழுதி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். மனது கொஞ்சம் இலேசாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான் ஊர் வந்து சேர்ந்தேன். அண்ணனுக்குத் தோள்பட்டைக் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் சாப்பிடவே இல்லை. இப்போதாவது சாப்பிடுகிறீர்களா?

பட்டப்பகலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நேரான சாலையில் அண்ணன் கண் சொருகி லாரி சரிந்து பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. எதிரே யாரும் வராமல் போனது நம் நல்ல நேரம். சேறாக இருந்ததால் உயிர் தப்பினார்.

இப்போது வேறொரு சிக்கல். லாரிக் கம்பெனிக்கு எங்கள் எழுத்துக் குறிப்பு போயிருக்கிறது. விபத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்கு மூன்று முறை பேசாதே என்று கட்டளை கொடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அது பேசவே இல்லை. "பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அணைத்தார்" என்று சொல்லி அண்ணனை வேலையை விட்டு நீக்கப் போகிறார்கள். அப்படி நீக்கினால் வேறு எந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்காது. நாற்பத்தாறு வயதில் அவருக்கு வேறு வேலை தெரியாது.

ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் கேட்டேன். "நான் அதைப் பேசாதேன்னு சொல்லவே இல்ல" என்கிறார். அவர் பொய் சொல்லமாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாரியில் வேறு யாராவது ஏறினார்களா, அண்ணி?

வாலு


ஜூன் 2

வாலுக்கு,

கட்டைத் தளர்த்திவிட்டார்கள். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார், பாதி தரையில் விழுகிறது. நான் சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வரவேற்பறையில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். பெட்டி பேசவில்லை என்று தெரிந்த பிறகும் ஏன் அதைக் கூப்பிடவில்லை என்று கேட்டார்கள். உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் போன பிறகு நான் கேட்டேன்.

"அது ஏதோ கோபத்துல இருக்குன்னு நெனச்சேன்" என்றார். "அதுக்கு முந்தின வாரம் அது ஒரு கேள்வி கேட்டுச்சு, நான் கொஞ்சம் எரிஞ்சு விழுந்தேன். அதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்குன்னு விட்டுட்டேன். தானா பேசட்டும்னு இருந்தேன். இதைப் போய் அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? சிரிப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துவைக்கிற இயந்திரம் பழுதாகிவிட்டது. மழை வேறு. பக்கத்து வீட்டுக்காரி மகளுக்குப் பரீட்சையில் நல்ல மதிப்பெண். மற்றபடி எழுத ஒன்றுமில்லை.

உன் அண்ணி


ஜூன் 8

அண்ணிக்கு,

அண்ணனின் கை தேறி வருவதில் மகிழ்ச்சி. நான் கேட்ட ஒரே கேள்வியை விட்டுவிட்டுத் துவைக்கிற இயந்திரம்வரை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள்.

விபத்து நடந்தால் குரலைத் திறக்கவேண்டியது என் பொறுப்பு. திறந்தேன். ஒன்றுவிடாமல் கேட்டேன். கதவு திறக்கிற சத்தம், நீங்கள் மூச்சு வாங்க ஏறுகிற சத்தம். பெட்டி "வந்துட்டீங்களா, நல்லாத் தூங்கினீங்களா?" என்றது. நீங்கள் அதைத் திட்டினீர்கள். "அவர் தூங்கினா உனக்கென்னடி?" என்றீர்கள். நான் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். திட்டியது பெட்டியை இல்லை, என்னை.

பிறகு மறுபடி மாட்டிக்கொண்டேன். என்ன நடந்தது என்று பெட்டி கேட்டது. நீங்கள் சொல்லத் தொடங்கினீர்கள். அது "அப்புறம்?" என்றது. வெகுநேரம் பேசினீர்கள், அழுதீர்கள், ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தீர்கள். கடைசியில்தான், நன்றாக ஆற அமர, பேசாதே பேசாதே பேசாதே என்றீர்கள். விதியைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

கம்பெனியிடம் உண்மையைச் சொன்னால் அண்ணனுக்கு வேலை போகாது. ஆனால் ஒருவர் குரலை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது. இதுவும் நான் எழுதிய விதி. நான் மீறமாட்டேன். அண்ணனிடமும் சொல்லவில்லை.

எனக்கு உங்கள்மீது கோபம் இருக்கிறது, அவர் செத்தே போயிருப்பார். என்மீது அதைவிடக் கோபம் இருக்கிறது. இம்மாதக் கடைசியில் விசாரணை முடிந்துவிடும். நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

வாலு


ஜூன் 27

வாலுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் பயம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

சொல்லிவிட்டேன். முதலில் அவரிடம், மறுநாள் கம்பெனியில். அங்கே மேலாளர் முன்னால் நின்று, லாரியில் ஏறியது நான், பெட்டியை அடக்கியது நான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எதற்காக அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். பொறாமை என்றேன். அதை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "குடும்பக் காரணம்" என்று எழுதிக்கொண்டார்.

அவரிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. சமையலறையில் ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டு, "நீங்க செத்துப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்று உட்கார்ந்து அழுதேன். அவர் குழாயை மூடினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ லாரியில ஏறினியா?" என்றார். பிறகு, "நான் உன்ன ஒரு தடவைகூட ஏறுன்னு சொன்னதில்ல இல்ல?" என்றார்.

இல்லை என்றேன்.

"எவ்வளவு நேரம் பேசின?"

"தெரியாது. வெயில் ஜன்னலைத் தாண்டிப் போயிடுச்சு."

"என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதே இல்லையே. என்ன பேசின?"

சொல்லமாட்டேன் என்றேன். அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். தோள் முறிந்ததற்குக் கோபம் இல்லை, வேலை போகப் பார்த்ததற்குக் கோபம் இல்லை. இதற்குத்தான் கோபம். நான் மார்ச் மாதத்திலிருந்து பட்ட அவஸ்தை இப்போது அவருக்கு வந்திருக்கிறது. கொஞ்ச நாள் படட்டும்.

ஒன்று கேட்கவேண்டாம் என்று இந்தக் காகிதத்தை இரண்டு முறை மடித்தேன். முடியவில்லை. அவர் பேசியதையும் நீ கேட்டிருப்பாய். என்னைப் பற்றி அந்தப் பெட்டியிடம் என்ன சொன்னார்?

உன் அண்ணி


ஜூன் 28

தங்கச்சிக்கு,

தோள் பரவாயில்லை. இடது கையால் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் அண்ணி அந்தப் பெட்டியிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவேண்டும். கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். அந்தப் பதிவை அனுப்பி வை. அவளுக்குத் தெரியவேண்டாம்.

அண்ணன்


ஜூலை 14

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன, ஒன்றுக்கு மற்றொன்று தெரியாமல். ஒரே வீட்டிலிருந்து இரண்டு தபால்தலை. அதனால் பதிலை இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சமையலறையில் ஒருவர் படிக்க ஒருவர் கேளுங்கள்.

கம்பெனி அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கடிதம் அனுப்பிவிட்டது. தோள் சேர்ந்ததும் போகலாம்.

நான் கொடுத்த அறிக்கையில் அண்ணியைக் குற்றம் சொல்லவில்லை. மனிதர் தவறு செய்தால், அந்தத் தவறுக்கு வழிவிட்டு வைத்தது யார் என்று முதலில் பார்க்கவேண்டும். எங்கள் படிப்பின் முதல் பாடமே அதுதான். பேசுகிறவர் ஓட்டுநரா, வேறு ஆளா என்று பிரித்தறியாத பெட்டியைச் செய்தது நான். இயந்திரத்தையும் மனிதர்கள் ஆளாக நினைத்து மரியாதை கொடுப்பார்கள், அதன் கோபத்துக்குக்கூட இடம் கொடுப்பார்கள் என்று வகுப்பில் படித்திருந்தும், அது தானாக மறுபடி பேச வழி வைக்காதது நான். ஒரு குரலைக் கொண்டுபோய் ஒருவர் புருஷன் பக்கத்தில் உட்கார வைத்தால் வீட்டில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்காததும் நான்தான். இல்லை, யோசித்தேன். யோசித்துத்தான் வைத்தேன். இதை மட்டும் அறிக்கையில் எழுதவில்லை. அண்ணி வந்ததால் போன அந்த சீட்டைத் திருப்பி வாங்க வேறு வழி தெரியவில்லை எனக்கு.

பெட்டிக் குழுவுக்கு இப்போது தலைமை நான் இல்லை, வேறொருவர். நான் அவருக்குக் கீழே இருக்கிறேன். பரவாயில்லை, சண்டை போட ஆள் மாறியிருக்கிறது.

பதிவுகளைக் கேட்டிருந்தீர்கள். அனுப்பமாட்டேன், சொல்லவும் மாட்டேன். அண்ணன் சொன்னது அண்ணனிடம் இருக்கிறது, அண்ணி சொன்னது அண்ணியிடம் இருக்கிறது. இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு சாப்பாட்டு மேஜைதான்.

இரண்டு பதிவுகளையும் முழுதாகக் கேட்டவள் நான் ஒருத்திதான். கேட்டு முடித்தபோது எனக்குத்தான் வயிறு எரிந்தது, அண்ணி. நீங்கள் கேட்டது, அவர் உங்களைப் பற்றி என்ன சொன்னார் என்று. அவர் கேட்டது, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று. இரண்டு பதிவிலும் என்னைப் பற்றியும் பேச்சு வருகிறது. அதை உங்களில் யாருமே கேட்கவில்லை.

உங்கள்
வாலு